முதல் ஈ.பி.: கிட்டாரும் குரலும் சேர்த்துப் பதிந்தால் குரல் மெலிகிறது, ஐந்து பாடல்களும் ஐந்து விதமாகக் கேட்கின்றன

மூன்றாம்கட்டை:

வணக்கம். இது என் முதல் ஈ.பி. (சிங்கிளைவிடப் பெரிய, ஆல்பத்தைவிடச் சிறிய தொகுப்பு). ஐந்து பாடல்கள், மொத்தம் 19 நிமிடம். அக்கூஸ்டிக் கிட்டாரும் ஒரு குரலும் மட்டும். இரண்டு பாடல்களின் பல்லவியில் இரண்டாம் குரல் சேர்க்க எண்ணம். நான்கு பாடல்கள் சொந்த வரிகள், ஒன்று நாட்டுப்புறப் பாடல்.

பெரிய டயாஃப்ரம் கண்டென்சர் மைக் வாயிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கிறது (முக்கியமாக முன்பக்கத்தைக் கேட்கும் கார்டியாய்டு, முன்னும் பின்னும் கேட்கும் எட்டு வடிவம், எல்லாப் பக்கமும் கேட்கும் ஆம்னி மூன்றும் அதில் உண்டு). சிறிய டயாஃப்ரம் கண்டென்சர், கிட்டாரின் 12ஆம் ஃப்ரெட்டுக்கு எதிரே 25 செ.மீ. தள்ளி. வாயிலிருந்து கிட்டார் மைக்குக்கு ஏறக்குறைய 55 செ.மீ. தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே நன்றாக இருக்கின்றன. இரண்டு ஃபேடரையும் (ஒலி அளவுக் கட்டை) ஏற்றினால் குரலில் நெஞ்சு காணாமல் போய்விடுகிறது, குழாய்க்குள் பாடுவது போல ஒலிக்கிறது. கிட்டாருக்குக் கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கருவி) போட்டால் இன்னும் மோசம். இது எதனால்?

மற்ற சந்தேகங்கள்: சேர்ந்து பதிவதா, தனித்தனியாகவா? க்ளிக் (காதில் தாளம் காட்டும் டிக் சத்தம்) வேண்டுமா? வெவ்வேறு நாளில் பதிந்த பாடல்கள் வெவ்வேறு ஆள் பாடியது போல இருக்கின்றன. எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (பாடலின் சராசரிச் சத்த அளவு) கொண்டுவந்தால் சரியாகிவிடுமா? இரண்டு பாடல்களை முதலில் சிங்கிளாக விட்டுவிட்டு ஈ.பி. வெளியிடுவதில் என்னென்ன தவறுகள் நேரும்?


வெள்ளித்தந்தி:

குரல் மெலிவதற்குக் காரணம் மைக்கின் தரமோ அறையோ அல்ல, தூரம். ஒரே குரல் இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்கிறது. உங்கள் கணக்கில் வித்தியாசம் 35 செ.மீ. ஒலி ஒரு மில்லி நொடியில் ஏறக்குறைய 34 செ.மீ. போகும், ஆக ஒரு மில்லி நொடித் தாமதம். அந்தத் தாமதத்தோடு இரண்டையும் கூட்டினால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று சீப்புப் பல் போலப் பள்ளங்கள் விழும். 500 ஹெர்ட்ஸ் குரலின் சதைப்பற்று இருக்கும் இடம். அங்கே பள்ளம் விழுந்தால் குழாய்ச் சத்தம்தான் மிஞ்சும்.

பள்ளத்தின் ஆழம், கிட்டார் மைக்கில் கசிந்த குரல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 20 செ.மீ.க்கும் 55 செ.மீ.க்கும் இடையே இயல்பாகவே 9 டெசிபல் அளவுக்கு வித்தியாசம் இருக்கும். அது மட்டும் என்றால் 500 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் பள்ளம், தாங்கிக்கொள்ளலாம். ஆனால் விரலால் மீட்டும் கிட்டார் குரலைவிட மெல்லியது, அதனால் அந்த ஃபேடரையோ கெயினையோ (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) 6 டெசிபல் கூட்டியிருப்பீர்கள். கசிந்த குரலும் கூடவே 6 டெசிபல் ஏறிவிட்டது. மீதி வித்தியாசம் 3 டெசிபல்தான். பள்ளம் இப்போது 10 டெசிபலைத் தாண்டும். கம்ப்ரஸர் போட்டால் மோசமாவதும் இதனால்தான்: கிட்டார் அடங்கும் இடைவெளிகளில் கம்ப்ரஸர் கசிவை மேலே தூக்கிக் கொடுக்கிறது. ஒலி வரும் இடத்துக்கும் அதன் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தை மைக்குகளுக்கு நடுவே விடு என்ற பழைய விதி உங்களைக் காப்பாற்றாததும் இங்கேதான். இரண்டு மைக்குக்கும் ஒரே கெயின் என்று வைத்துக்கொண்டு சொன்ன விதி அது.

இனிப் பதியப் போகும் டேக்குகளுக்கு நான் சொல்வது, மைக்குகளை இடம் மாற்றுங்கள். பெரிய டயாஃப்ரம் மைக்கை எட்டு வடிவத்தில் வைத்துக் கிட்டாருக்குக் கொடுங்கள். எட்டு வடிவ மைக்குக்கு முன்னும் பின்னும் காது உண்டு, பக்கவாட்டில் கேளாது. அந்தக் கேளாப் பக்கம் உங்கள் வாயைப் பார்க்கும்படி மைக்கைக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். கண்ணால் பார்த்துச் செய்யாதீர்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, கிட்டார் மைக்கை மட்டும் திறந்து, ஒரே சுரத்தை நீட்டிப் பாடியபடி இன்னொருவரை மைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கச் சொல்லுங்கள். ஒரு கோணத்தில் குரல் சட்டென்று சுருங்கி அறையின் எதிரொலி மட்டும் கேட்கும். அந்த இடத்தில் ஸ்டாண்டை இறுக்கிவிடுங்கள்.

இதில் இரண்டு கேடுகள் உண்டு. எட்டு வடிவம் பக்கத்தில் இருக்கும் ஒலியின் கீழ்ப் பகுதியைக் கார்டியாய்டைவிட அதிகமாகப் பெருக்கும், 25 செ.மீ.யில் கிட்டார் பீப்பாய் போலக் குமுறும். 35, 40 செ.மீ.க்குப் பின்வாங்குங்கள், துளைக்கு நேரே வைக்காதீர்கள். பெரிய உடல் கிட்டாரில் துளையின் காற்று அதிர்வு 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். அதை நேராகப் பிடித்துவிட்டால் பிறகு ஈக்யூவில் வெட்டி வெட்டி மாளாது. இரண்டாவது, மைக்கின் முதுகு அறையைக் கேட்கும். முதுகுக்குப் பின்னால் அரை மீட்டரில் கனத்த மெத்தையோ 10 செ.மீ. தடிமனுள்ள ராக்வூல் பலகையோ நிறுத்துங்கள். மெல்லிய போர்வை உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கும், அறை மந்தமாகும், கீழ்ப் பகுதியின் குமுறல் அப்படியே இருக்கும்.

குரலுக்கு அந்தச் சிறிய கண்டென்சர் போதும். ஆனால் 'ப்ப', 'ப்' வரும் இடத்தில் காற்று அறையும். ஆகவே வாய்க்கு நேரே வேண்டாம், வாயின் ஓரத்திலிருந்து 30 முதல் 45 பாகைக்குத் திருப்பி, நடுவில் பாப் ஃபில்டர் வையுங்கள். நல்ல டைனமிக் மைக் கிடைத்தால் 8, 10 செ.மீ.யில் இன்னும் நிம்மதி. குரல் மைக் கிட்டத்தில் வந்தால் அதன் கெயின் குறையும், அதில் கசியும் கிட்டாரும் குறையும்.

ஏற்கெனவே பதிந்துவிட்ட டேக் பிரமாதமாக இருந்தால் எறிய வேண்டாம். கிட்டார் தடத்தை ஒரு மில்லி நொடி முன்னால் நகர்த்துங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 48 அல்லது 49 சாம்பிள். எண்ணை நம்பி நிறுத்தாமல், கிட்டார் தடத்தின் துருவத்தை (அலையின் மேல் கீழை) திருப்பி வைத்து, குரல் எந்த இடத்தில் மிக மெலிகிறதோ அதுவரை நகர்த்துங்கள். பிறகு துருவத்தைப் பழையபடி திருப்பினால் குரல் அதே இடத்தில் மிக நிறைந்து ஒலிக்கும். குரல் மைக்கில் கசிந்த கிட்டார் இதனால் இன்னும் சற்று விலகத்தான் செய்யும், ஆனால் அதன் அளவு குறைவு என்பதால் காதில் உறுத்தாது. பாடகர் தலையை ஆட்டிப் பாடியிருந்தால் தூரம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த டேக்கை இந்த வழியில் காப்பாற்ற முடியாது.

அளவு: 24 பிட், உச்சம் மைனஸ் 10, 12 டெசிபல் தாண்டாமல். பல்லவியில் குரல் எகிறும் என்பதால் மிகச் சத்தமான வரியைப் பாடிக் கெயின் வையுங்கள், முதல் வரியைப் பாடி அல்ல.


மெல்லினம்:

சேர்த்துப் பதியறதுல உயிர் இருக்கும், சரிதான். ஆனா முதல் பதிவுல அதோட செலவு என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. குரல்ல ஒரு சுரம் தப்பினா அதை மட்டும் திருத்த முடியாது. கிட்டார் மைக்குல பழைய சுரம் உட்கார்ந்திருக்கும், ரெண்டும் உரசும். ஒரு வார்த்தையை வேற டேக்லேர்ந்து எடுத்து ஒட்டணும்னா ரெண்டு தடத்தையும் சேர்த்தே வெட்டணும். ரெண்டு டேக்கும் ஏறக்குறைய ஒரே வேகத்துல இருக்கணும். நிமிடத்துக்கு ரெண்டு பீட்டுக்கு மேல விலகினா ஒட்டு தெரியும். பாட்டை நிறுத்தாம மூணு தடவை முழுசா பிசகில்லாமப் பாடி வாசிக்க முடிஞ்சாதான் சேர்த்துப் பதியுங்க. முடியாத பாட்டைத் தனித்தனியாப் பதியுங்க. அஞ்சுக்கும் ஒரே முறைதான்னு சட்டம் இல்லை.

தனியாப் பதியும்போது நடக்கிற பெரிய தப்பு: கிட்டாரை முதல்ல 'வெறும் கிட்டாரா' வாசிச்சிடுறது. பாட்டு இல்லாம வாசிச்சா வரி முடிவுல கை மூச்சு விடாது, அடுத்த சரணத்துக்கு அவசரமா ஓடும். அதனால முதல்ல குரலும் கிட்டாரும் சேர்த்து ஒரு வழிகாட்டித் தடம் பதியுங்க. சுத்தமா இருக்கணும்னு இல்லை, நடை சரியா இருந்தாப் போதும். அப்புறம் அந்தக் குரலை மட்டும் ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டே நிஜக் கிட்டாரை வாசிங்க. கடைசியாக் குரல்.

க்ளிக்: பின்னாடி தாளமோ பாஸோ வேற யாராவது சேர்க்கப் போறாங்கன்னா கட்டாயம் வேணும். வெறும் கிட்டாரும் குரலும்னா வேண்டாம். நடுவழியும் இருக்கு. க்ளிக் இல்லாம வழிகாட்டித் தடம் பதிஞ்சு, ஒவ்வொரு பகுதியோட சராசரி வேகத்தையும் அளந்து, அதையே டெம்போ மேப்பா (பகுதிக்குப் பகுதி க்ளிக்கோட வேகம் மாறுற அமைப்பு) போடுங்க. பல்லவி ரெண்டு மூணு பீட் வேகமா இருந்தா அப்படியே இருக்கட்டும், அதுதான் பாட்டோட இயல்பு. மூடிய வகை ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க. கூர்மையான டிக் சத்தத்துக்குப் பதிலா மழுங்கின சத்தம் வைங்க. கடைசித் தந்தி அதிர்ந்து அடங்குற இடத்துல க்ளிக்கை நிறுத்திடணும். மறந்தா முடிவு முழுக்க டிக் டிக்னு கசிஞ்சிருக்கும், அதைத் துடைக்கவே முடியாது.

சுருதி விஷயத்துல ஒண்ணு. கேப்போ (ஃப்ரெட்டுல எல்லாத் தந்தியையும் அமுக்குற பிடி) போட்டதும் தந்திகளோட சுருதி கொஞ்சம் ஏறும். கேப்போ மாட்டின பிறகுதான் சுருதி சேர்க்கணும், ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி. புதுத் தந்தி மாட்டி ஒண்ணு ரெண்டு நாள் வாசிச்ச பிறகு பதியுங்க. அன்னைக்கே மாட்டினா இறங்கிக்கிட்டே இருக்கும், ரொம்பப் பழசுன்னா மேல் ஃப்ரெட்டுல சுரம் ஒத்துப்போகாது. அஞ்சு பாட்டுக்கும் ஒரே வகைத் தந்தி, ஒரே வயசுத் தந்தி. உங்க பாட்டெல்லாம் வேற வேற ஆள் பாடின மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே, அதுல பாதிக்குக் காரணம் இங்கேயே இருக்கலாம்.

விரல் வழுக்குற கிறீச் சத்தத்தை மொத்தமா அழிக்காதீங்க. அந்த இடத்தை மட்டும் 6, 8 டெசிபல் இறக்குங்க. முழுசா எடுத்தா கை நகர்ந்ததே தெரியாம வாசிப்பு செத்துப்போகும்.

ரெண்டாம் குரல் பதியும்போது வார்த்தையில வர்ற வல்லின மெய்யை விழுங்கிடுங்க. 'காற்று', 'கூட்டம்' மாதிரிச் சொற்கள்ல 'ற்', 'ட்' ரெண்டு குரல்லயும் துளி விலகி விழுந்தா பட்டாசு மாதிரி வெடிக்கும். மெய்யை முதல் குரல் சொல்லட்டும், இரண்டாம் குரல் உயிரை மட்டும் நீட்டினாப் போதும். மைக்குலேர்ந்து ஒரு அடி கூடத் தள்ளி நின்னுக்கோங்க. மிக்ஸ்ல தானாப் பின்னாடி போய் உட்காரும்.


மூன்றாம்கட்டை:

இருவருக்கும் நன்றி. எட்டு வடிவம் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன், குரல் நிஜமாகவே சுருங்குகிறது. மூன்று பாடல்களைச் சேர்த்தும் இரண்டைத் தனியாகவும் பதியப் போகிறேன். மிக்ஸ், மாஸ்டரிங் (வெளியீட்டுக்கான கடைசி ஒலிச் சீரமைப்பு) பற்றி யாராவது சொல்ல முடியுமா? ஒரு பாடல் முழுக்கத் தாலாட்டுப் போல மெல்லியது. கடைசிப் பாடல் முழு வீச்சில் அடித்து வாசிப்பது.


நாடாச்சுருள்:

முதலில் அந்த மைனஸ் 14. அது நீங்கள் எட்ட வேண்டிய இலக்கு அல்ல. ஸ்பாட்டிஃபை தன் பக்கத்தில் சத்தத்தைச் சமன் செய்ய வைத்திருக்கும் அளவு. ஆப்பிள் மைனஸ் 16 வைத்திருக்கிறது. ஒவ்வொரு பாடலையும் தனித்தனியாக மைனஸ் 14க்கு இழுத்தால் தாலாட்டும் வீச்சுப் பாடலும் ஒரே உயரத்தில் நிற்கும். தாலாட்டில் குரல் முகத்துக்கு நேரே வந்து கத்தும், அடுத்த பாடலில் அதே குரல் கிட்டாருக்குப் பின்னால் பதுங்கும். நாட்டுப்புறச் சாயல் உள்ள தொகுப்பில் கேட்பவர் பிடித்துக்கொள்ளும் கயிறு குரல்தான். ஐந்து பாடல்களிலும் குரலின் உயரத்தைச் சமமாக்குங்கள், மீட்டர் எண் எங்கே விழுகிறதோ விழட்டும். வீச்சுப் பாடல் மைனஸ் 13, தாலாட்டு மைனஸ் 18 என்று வந்தால் அது பிழை இல்லை. தொகுப்பை வரிசையாகக் கேட்கும்போது ஸ்பாட்டிஃபை முழுத் தொகுப்புக்கும் ஒரே அளவைத்தான் ஏற்றி இறக்குகிறது, பாடலுக்குப் பாடல் மாற்றுவதில்லை. நீங்கள் வைத்த ஏற்ற இறக்கம் அப்படியே போய்ச் சேரும்.

தனியாக ஒரு பிளேலிஸ்ட்டில் தாலாட்டு வந்தால் அதை மேலே ஏற்றும், ஆனால் உச்சத்துக்கு ஒரு டெசிபல் இடம் விட்டுத்தான் ஏற்றும். மைனஸ் 20இல் இருக்கும் பாடலின் உச்சம் மைனஸ் 5 என்றால் 4 டெசிபல்தான் ஏறும், மைனஸ் 16இல் நின்றுவிடும். யூடியூப் சத்தமானதைக் குறைக்கும், மெல்லியதை ஏற்றாது. ஆகவே தாலாட்டில் தனியாகத் துருத்தும் ஒன்றிரண்டு உச்சங்களை, பெருவிரல் அடிக்கும் இடம் போன்றவற்றை, மிக்ஸிலேயே கையால் இறக்கிவிடுவது லாபம். கடைசி லிமிட்டரில் (உச்சத்தைத் தாண்டவிடாத கருவி) ட்ரூ பீக், அதாவது அலையின் உண்மையான உச்சம், மைனஸ் 1. வீச்சுப் பாடல் மைனஸ் 14ஐவிடச் சத்தமாக இருந்தால் மைனஸ் 2 வையுங்கள். சுருக்கிய கோப்பாக மாறும்போது உச்சம் சற்று மேலே துள்ளும்.

மிக்ஸில் கம்ப்ரஸருக்கு முன் ஃபேடரைக் கையால் ஓட்டுங்கள். வரி வரியாக, ஒரு டெசிபல், இரண்டு டெசிபல். சலிப்பான வேலைதான், ஆனால் அக்கூஸ்டிக் மிக்ஸில் இதைவிடப் பயன் தரும் வேலை வேறு கிடையாது. அதற்குப் பிறகு குரலுக்குக் கம்ப்ரஸர் 2:1 அல்லது 3:1, அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 மில்லி நொடிக்கு மேல், 3 அல்லது 4 டெசிபல் மட்டும் அமுங்கட்டும். அட்டாக்கை மிகக் குறைத்தால் எழுத்துகளின் தொடக்கம் மழுங்கி, வரி புரியாமல் போகும். வரிகளுக்காகக் கேட்கப்படும் இசையில் அது பெரிய இழப்பு. சேர்த்துப் பதிந்த பாடல்களில் கிட்டாருக்குக் கம்ப்ரஸர் வேண்டாம். வெள்ளித்தந்தி காரணம் சொல்லிவிட்டார்.

கிட்டாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம், திறந்த ஆறாம் தந்தியே 82தான். கேப்போ மூன்றாம் ஃப்ரெட்டில் என்றால் மிகக் கீழ்ச் சுரம் 98, இன்னும் மேலே வெட்டலாம். தாழ்சுருதி வைத்திருந்தால் இந்தக் கணக்கு மாறும், பார்த்து வெட்டுங்கள். குரலுக்கும் கிட்டாருக்கும் சண்டை நடக்கும் இடம் 200 முதல் 400 ஹெர்ட்ஸ். கிட்டாரில் அங்கே 2, 3 டெசிபல் அகலமாகக் குறைத்தால் குரல் தானாக முன்னால் வரும், குரலை ஏற்ற வேண்டியதே இருக்காது. 'ச', 'ஸ' சீறல் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும். டீ-எஸ்ஸரில் (சீறலை மட்டும் அடக்கும் கருவி) தேடி, அந்த எழுத்தில் மட்டும் 3, 4 டெசிபல் இறங்குகிறதா என்று பாருங்கள். மற்ற எழுத்திலும் இறங்கினால் பாடகருக்கு நாக்குத் தடித்தது போலாகிவிடும்.

ஐந்தையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக்க ரிவர்ப் (செயற்கை எதிரொலி) உதவும். பாடலுக்கு ஒன்று என்று தேடாமல், ஒரே ரிவர்ப்பை ஐந்திலும் வையுங்கள். அனுப்பும் அளவு மட்டும் மாறட்டும். ஒன்றரை நொடிக்குள் அடங்கும் பிளேட் வகை, முன்தாமதம் (எதிரொலி தொடங்கும் முன் விடும் இடைவெளி) 20 முதல் 40 மில்லி நொடி, ரிவர்ப் தடத்தில் 200க்குக் கீழும் 7000க்கு மேலும் வெட்டு. முன்தாமதம் இல்லையென்றால் சொல் தெளியும் முன்பே எதிரொலி அதன் மேல் படியும்.

பதிவு தரத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1982 ஆல்பம் 'நெப்ராஸ்கா' நான்கு தடக் கேசட் கருவியில், எஸ்எம்57 மைக்குகளை வைத்துப் பதிந்தது. அதில் பெரும்பாடு பட்டது பதிவில் இல்லை, அந்தக் கேசட்டை இசைத்தட்டில் வெட்டும்படி மாஸ்டர் செய்வதில்தான். மாஸ்டரிங்கைக் கடைசி நாள் வேலையாக ஒதுக்காதீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் தெரியாது. ஐந்து பாடல்களையும் ஒரே கோப்பில் வரிசையாகப் போட்டு, ஒரே அமர்வில் மாஸ்டர் செய்ய வேண்டும். அடுத்தடுத்த பாடல்களின் முதல் சரணத்தை மாறி மாறிக் கேளுங்கள். எந்தப் பாடலுக்கு ஒலி அளவைத் திருகக் கை போகிறதோ அதைத் திருத்துங்கள்.

வரிசையில் ஒரே சுருதியும் ஒரே விரல் நடையும் உள்ள இரண்டு பாடல்கள் பக்கத்தில் வரக்கூடாது. தாலாட்டை முதலில் வைக்காதீர்கள், கடைசிக்கு முன்னால் வைத்தால் வீச்சுப் பாடல் எழும்பும் இடம் தெரியும். பாடல்களுக்கு இடையிலான மௌனத்தைக் கோப்பின் கடைசியிலேயே சேர்த்துவிடுங்கள். வீச்சுக்குப் பிறகு 3 நொடி, மெல்லிய பாடலுக்குப் பிறகு 2 நொடி என்று தொடங்கிக் காதால் சரி செய்யலாம். தொடக்கத்தில் மூச்சோ கைச் சத்தமோ இருந்தால் வெட்டாமல் 0.3 நொடி விட்டுவையுங்கள். முடிவில் தந்தி முழுதாக அடங்கும் முன் வெட்டுவதுதான் முதல் தொகுப்புகளில் நான் மிக அதிகமாகக் கேட்கும் பிழை. ஹெட்ஃபோனில் சத்தத்தை நிறைய ஏற்றி வாலைக் கேளுங்கள்.


பதிவேடு:

வெளியீட்டுப் பக்கம்.

19 நிமிடம், ஐந்து பாடல்: ஈ.பி. வரையறைக்குள் சரியாக வருகிறது. ஆப்பிளிலும் ஸ்பாட்டிஃபையிலும் நான்கு முதல் ஆறு பாடல், மொத்தம் 30 நிமிடத்துக்குள் என்றால் ஈ.பி. தலைப்பில் நீங்களாக 'ஈ.பி.' என்று எழுத வேண்டாம். ஆப்பிள் தானே ஒட்டிக்கொள்ளும், இரண்டு முறை வந்துவிடும்.

சிங்கிள் விட்டு ஈ.பி. விடுவதில் அதிகம் கெடுவது ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணில்தான். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்து-எண் கொண்ட ஒரு குறி அது. சிங்கிளுக்கு வாங்கிய அதே குறியை ஈ.பி.யிலும் அந்தப் பாடலுக்குக் கொடுக்க வேண்டும். படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் விநியோக நிறுவனம் (பாடலைத் தளங்களுக்கு அனுப்புவது) புதுக் குறி கொடுத்துவிடும். சிங்கிளில் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை ஈ.பி.யில் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். குறி மட்டும் போதாது, கோப்பும் அதுவேயாக இருக்க வேண்டும். நாடாச்சுருள் சொன்னபடி ஐந்தையும் ஒன்றாக மாஸ்டர் செய்த பிறகே முதல் சிங்கிளை விடுங்கள். சிங்கிளுக்கு ஒரு மாஸ்டர், ஈ.பி.க்கு வேறு நீளத்தில் இன்னொரு மாஸ்டர் என்றால் இரண்டும் சேராது. யு.பி.சி. எண் (வெளியீட்டின் பட்டைக்குறி எண்) வேறு விஷயம், அது வெளியீட்டுக்கு ஒன்று; சிங்கிளுக்குத் தனி, ஈ.பி.க்குத் தனி.

ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு அனுப்ப, வெளியாகாத பாடலாக இருக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் அனுப்பலாம். வெளியீட்டுக்கு 7 நாள் முன்னதாவது அனுப்பினால் உங்களைப் பின்தொடர்பவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலில் அந்தப் பாடல் வந்துவிடும். ஐந்தில் மிகச் சிறந்த இரண்டையும் சிங்கிளாகக் கொடுத்துவிட்டால் ஈ.பி. நாளில் அனுப்ப நல்ல பாடல் மிஞ்சாது. சிறந்த ஒன்றை ஈ.பி.க்கென்று ஒதுக்குங்கள். கோப்புகளை நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். படமோ பெயரோ தகராறாகித் திரும்பி வந்தாலும் நேரம் இருக்கும். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு நாள். சிறிய கலைஞர் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்றில்லை.

அட்டைப் படம் சதுரம், 3000க்கு 3000 பிக்சல், ஆர்.ஜி.பி. வலைத்தள முகவரி, சமூக ஊடகப் பெயர், 'புத்தம் புதியது' போன்ற சொற்கள் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். படத்தில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தமிழ் எழுத்தில் தலைப்பு வைத்தால் மொழி என்ற கட்டத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கலைஞர் பெயரை ஒரு வெளியீட்டில் தமிழிலும் அடுத்ததில் ரோமன் எழுத்திலும் எழுதினால் இரண்டு பக்கங்களாகப் பிரிந்துவிடும். அதைச் சேர்க்க வாரக்கணக்கில் அலைய வேண்டும். முன்பே அதே பெயரில் யாராவது இருக்கிறாரா என்று தேடிவிட்டுத் தொடங்குங்கள்.

அந்த நாட்டுப்புறப் பாடல்: அது நிஜமாகவே ஆசிரியர் தெரியாத பாடல்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். நாட்டுப்புறப் பாடல் என்றே வழங்கி வரும் பல பாடல்களுக்குப் பெயர் தெரிந்த ஆசிரியர் இருக்கிறார், உரிமையும் உயிரோடு இருக்கிறது. மரபுப் பாடல்தான் என்றால் இசையமைப்பாளர் கட்டத்தில் 'மரபு' என்றும், ஏற்பாட்டாளர் கட்டத்தில் உங்கள் பெயரையும் போடுங்கள். வேறொருவரின் ஒலிப்பதிவில் அவர் புதிதாகச் சேர்த்த இடை இசையையோ மாற்றிய மெட்டையோ அப்படியே எடுத்திருந்தால் அந்த ஏற்பாடு அவருடையது. அனுமதி வேண்டும், அல்லது உங்கள் வழியில் புதிதாக அமையுங்கள். யூடியூபின் கன்டென்ட் ஐ.டி.யில் (ஒத்த ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) இந்தப் பாடலைச் சேர்க்காமல் விடுவது நல்லது. அதே மெட்டைப் பாடும் பிறருடைய காணொளிகளின் மேல் தவறான உரிமைக் கோரிக்கை போய் விழும்.

பாடலுக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமை வேறு வேறு. வரியும் மெட்டும் ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு இன்னொன்று. விநியோக நிறுவனம் கொண்டுவந்து தருவது பெரும்பாலும் இரண்டாவதன் பணத்தை. முதலாவதற்கு உங்கள் நாட்டின் பாடலாசிரியர் உரிமைச் சங்கத்தில் சேர்ந்து, ஒவ்வொரு பாடலையும் சட்டப்பூர்வப் பெயரில் பதிய வேண்டும். இரண்டாம் குரலை வேறொருவர் பாடினால், அவருக்குப் பாடலில் பங்கு உண்டா, ஊதியம் மட்டுமா என்பதை வெளியீட்டுக்கு முன் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நண்பர் என்பதால் எழுதாமல் விடாதீர்கள், நட்பு நிலைக்கவும் அந்தத் தாள்தான் உதவும்.

2024இலிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் கடந்த 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு ஒலிப்பதிவுப் பங்குத் தொகை வரும். இதைப் பார்த்து, கேட்பு எண்ணிக்கை தருவதாகச் சொல்பவர்களிடம் போகாதீர்கள். போலிக் கேட்புகள் பிடிபட்டால் விநியோக நிறுவனம் பாடலையே இறக்கிவிடலாம். பேண்ட்கேம்ப்பையும் (கேட்பவருக்கு நேரடியாக இசை விற்கும் தளம்) திறந்து வையுங்கள். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் 15 சதவீதம் எடுக்கிறார்கள், மீதியில் பணப் பரிமாற்றக் கட்டணம் போக உங்களுக்கு. சுருக்கிய கோப்பை ஏற்க மாட்டார்கள், 24 பிட் வேவ் கோப்பை அப்படியே ஏற்றுங்கள். குரலில்லாத வடிவத்தையும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். படத்துக்கோ நாடகத்துக்கோ யாராவது கேட்கும் நாளில் பழைய ப்ராஜெக்ட் திறக்காமல் போகலாம். சேர்த்துப் பதிந்த மூன்றுக்கும் கிட்டாரை மட்டும் ஒரு முறை தனியாக வாசித்துப் பதிந்தால்தான் அது கிடைக்கும்.


மூன்றாம்கட்டை:

கடைசியாக ஒன்று. ஏழு அங்குல வினைல் இசைத்தட்டில் 19 நிமிடம் அடங்குமா?


நாடாச்சுருள்:

அடங்காது. ஆர்.சி.ஏ. விக்டர் 1952இல் 'எக்ஸ்டெண்டட் ப்ளே' என்று கொண்டுவந்ததே ஏழு அங்குல, நிமிடத்துக்கு 45 சுற்றுத் தட்டுதான். கோடுகளை நெருக்கி வெட்டிப் பக்கத்துக்கு ஏழரை நிமிடம் வரை ஏற்றினார்கள். நெருக்க நெருக்கச் சத்தம் குறையும், தட்டின் இரைச்சல் மேலே தெரியும். தாலாட்டுப் போன்ற பாடலுக்கு அது ஆகாது. ஏழு அங்குலத்தில் நல்ல ஒலிக்குப் பக்கத்துக்கு 4, 5 நிமிடம்தான். ஒரு சிங்கிளை மட்டும் அதில் போடலாம்.

ஐந்தும் வேண்டுமென்றால் பன்னிரண்டு அங்குலம், 45 சுற்று, பக்கத்துக்கு 10 நிமிடம் தாராளமாக இடம் கொடுக்கும். அல்லது பத்து அங்குலம், 33 சுற்று. தட்டின் உள்வட்டத்தில் ஊசி ஒரு சுற்றில் கடக்கும் தூரம் குறைவதால் உச்ச ஒலிகளும் சீறலும் கரகரக்கும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் 'ச', 'ஸ' குறைந்த, மெல்லிய பாடலை வையுங்கள். அப்படியானால் உங்கள் வீச்சுப் பாடல் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்துக்குப் போக வேண்டும்; டிஜிட்டல் வரிசையும் தட்டின் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெட்டுபவருக்கு லிமிட்டர் போடாத தனி மாஸ்டரைக் கொடுங்கள், கீழ் ஒலிகளை மோனோவில் வைத்து. சோதனைத் தட்டு வந்ததும் மற்ற இடங்களை விட்டுவிட்டு முதலில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி ஒரு நிமிடத்தைக் கேளுங்கள். அங்கே சீறல் கிழிந்தால் மாஸ்டரில் டீ-எஸ்ஸரை இன்னும் 2 டெசிபல் கூட்டித் திரும்ப வெட்டச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சுற்றுக்கே பல வாரம் ஆகலாம். ஆகவே தட்டு கையில் வராமல் அதன் வெளியீட்டு நாளை அறிவிக்காதீர்கள்.